பேத்திக்கு என்ன கேம் அனுப்பலாம்?

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலி போய்விட்டதே என்று டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே ஸ்கார்பரோவில் நவம்பர் பிறந்தால் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. இவர் குளிரைச் சாக்கு வைத்து நடையை நிறுத்தியாயிற்று. மற்ற கதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம், நீ கேட்டதற்கு வருகிறேன்.

டல்லாஸில் உன் பையன் வி.ஆர். ஹெட்செட் (கண்ணை மறைத்துத் தலையில் மாட்டினால் வேறொரு உலகத்துக்குள் நிற்கிற மாதிரி காட்டுமே, அது) வாங்கியிருக்கிறான், பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஆடுகிற மாதிரி ஒரு கேம் அனுப்பலாமா, எதை அனுப்பலாம், உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாயிற்றே என்று எழுதியிருந்தாய். அத்துப்படிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அறுபதைத் தாண்டி நான் பிடித்துக்கொண்ட ஒரே புதுப் பழக்கம் இது. என் மருமகள்கூட சனிக்கிழமையானால் "அத்தை, சார்ஜ் போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறாள்.

முதல் வேலையாக உன் மருமகளிடம் அது எந்த மாடல் என்று கேட்டுக்கொள். மெட்டா குவெஸ்டா, பிளேஸ்டேஷன் வி.ஆர். 2-ஆ, கம்ப்யூட்டரோடு இணைத்து, ஸ்டீம் என்ற இணையக் கடையில் கேம் வாங்கி ஆடுகிற வகையா? ஒன்றுக்கு வாங்கிய கேம் பெரும்பாலும் இன்னொன்றில் ஓடாது. 2020-இல் வால்வ் கம்பெனி போட்ட 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' என்ற கேமை ஆகா ஓகோ என்கிறார்கள், ஆனால் அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். குவெஸ்டை மட்டும் வைத்துக்கொண்டு அதை ஆட முடியாது. அட, குவெஸ்டிலேயே பாகுபாடு உண்டு. 2024-இல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ' குவெஸ்ட் 3-லும் 3எஸ்-லும்தான் ஓடும். 2020-இல் வந்த குவெஸ்ட் 2 வைத்திருப்பவனுக்கு அதைக் கொடுத்தால் அவன் சிரித்துக்கொண்டே வாங்கி ஓரமாக வைத்துவிடுவான்.

அப்புறம் வயசு. நிலாவுக்குப் பதினொன்று ஆகிவிட்டதல்லவா? குவெஸ்ட் செய்கிற மெட்டா கம்பெனியின் விதிப்படி முன்பெல்லாம் பதின்மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். 2023-இல் அதைத் தளர்த்தி, பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா பார்த்துக்கொள்கிற கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளலாம் என்றார்கள். நிலா ஆடலாம். கவினுக்கு ஏழுதான், அவன் தலையில் மாட்டக் கூடாது. பிளேஸ்டேஷனாக இருந்தால் பன்னிரண்டு வயசு ஆக வேண்டும் என்பார்கள், அப்போது நிலாவும் காத்திருக்க வேண்டியதுதான். இதை உன் பையனுக்குச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்காதே. வாங்குகிற ஜோரில் பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தை யார் படிக்கிறார்கள்?

மூன்றாவது விஷயம், வயிறு. சிரிக்காதே, கேம் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கண் "நீ பறக்கிறாய்" என்கிறது, உள்காது "இல்லையே, நின்ற இடத்தில்தானே நிற்கிறாய்" என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். மலைப்பாதையில் பஸ்ஸில் வருமே, அதற்குக் காரணம் இதற்கு நேர் தலைகீழ். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பையன், இவரை உட்காரவைத்து எடுத்த எடுப்பில் ரோலர் கோஸ்டரைப் போட்டுவிட்டான். இரண்டு நிமிஷத்தில் மனுஷன் முகம் வெளுத்து, இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்று படுத்துவிட்டார். அன்றோடு அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. ஏனோ எல்லா வீட்டிலும் பெரியவர்களுக்கு முதன்முதலில் ரோலர் கோஸ்டரைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்! குவெஸ்ட் கடையில் ஒவ்வொரு கேமுக்கும் உடம்புக்குச் சுகமா, மிதமா, கடுமையா என்று ஒரு குறிப்புப் போட்டிருப்பார்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் 'சுகம்' என்று இருப்பதை மட்டும் வாங்கு. நின்ற இடத்திலேயே நின்று ஆடுகிற கேமாக இருந்தால் தலைசுற்றல் அநேகமாக வராது.

அப்படி நின்று ஆடுவதில் பெரிய பெயர் 'பீட் சேபர்'. பிராகில் ஒரு சின்னக் குழு செய்து 2018-இல் விட்டது. அடுத்த வருஷமே ஃபேஸ்புக் அந்தக் கம்பெனியை வாங்கிப் போட்டுக்கொண்டது. பாட்டின் தாளத்துக்கு எதிரே சிவப்பும் நீலமுமாகக் கட்டைகள் பறந்து வரும், இரண்டு கையிலும் இருக்கிற ஒளிவாளால் அம்புக்குறி காட்டுகிற திசையில் வெட்ட வேண்டும். நவராத்திரிக் கோலாட்டம் ஆடிய கைக்கு இது வெகு சீக்கிரம் பழகிவிடும், நான் சாட்சி. ஆனால் உனக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஹெட்செட் வாங்கிய எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான், அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். 'ஜாப் சிமுலேட்டர்' என்று ஒன்று இருக்கிறது. வேலையெல்லாம் ரோபோக்களிடம் போன பிறகு, மனிதர்கள் ஒரு காலத்தில் ஆபீஸிலும் சமையலறையிலும் எப்படி வேலை பார்த்தார்கள் என்று ரோபோக்கள் தப்புத் தப்பாகக் காட்டுகிற கண்காட்சி. நிலா விழுந்து விழுந்து சிரிப்பாள். அதைச் செய்தவர்கள் உன் பையன் இருக்கிற அதே டெக்சாஸில், ஆஸ்டின்காரர்கள். அதுவும் நல்ல பரிசுதான்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு மங்கை. இந்த ஹெட்செட்டை ஒருத்தர் மாட்டிக்கொண்டால் வீட்டில் மற்றவர்களுக்கு வேலையே இல்லை. டி.வி.யில் போட்டுக் காட்டலாம், இருந்தாலும் எவ்வளவு நேரம் வேடிக்கை பார்ப்பது? தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, நடுவில் ஒரு பிள்ளை காற்றில் கை வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கொட்டாவி விட்டதை நான் கண்ணால் கண்டேன். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, அதிலும் ஒன்றுக்கு மாட்ட வயசு ஆகாத வீட்டுக்கு அனுப்பினால் பரிசோடு சண்டையும் சேர்ந்து போகும்.

அதனால் நான் சொல்வது 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்'. எங்கள் கனடாவில், ஆட்டவாவில் செய்தது, 2015-இல் வந்தது. ஹெட்செட் மாட்டியவர் எதிரில் ஒரு வெடிகுண்டு, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதை எப்படிச் செயலிழக்கவைப்பது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் 23 பக்கக் கையேடு இருக்கும், ஆனால் குண்டு கண்ணில் படாது. நிலா "மூன்று ஒயர் இருக்கு" என்பாள். நீ "சிவப்பு இருக்கா?" என்று கேட்க வேண்டும். "இல்லை" என்றால் "இரண்டாவதை வெட்டு". இருந்தால் கடைசி ஒயர் வெள்ளையா என்று அடுத்த கேள்வி. இப்படிப் போகும். மூன்று தப்பு வந்தால் வெடித்துவிடும், ஒவ்வொரு தப்புக்கும் கடிகாரம் வேகமாக ஓட ஆரம்பிக்கும். ஒரு பகுதியில் விநோத எழுத்துகள் வரும், அவற்றுக்குப் பெயர் கிடையாது. "கொம்பு முளைச்ச ஓ மாதிரி இருக்கு", "வால் இருக்கிற பூஜ்யமா?" என்று கத்திக்கொண்டிருப்போம். இன்னொரு பகுதியில் ஒரே மாதிரி ஒலிக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளாகப் போட்டுக் குழப்புவார்கள். முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்த உனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ரத்தம் சூடாகும், பார்.

கையேட்டை அந்தக் கம்பெனியே இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. கேம் வாங்க வேண்டியது ஹெட்செட் உள்ளவர்கள் மட்டும். கவின் வெளியே உட்கார்ந்து, அம்மாவை வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டலாம், அக்காவுக்கு அவன் தயவு வேண்டும். அது போகட்டும், நீயே ஆடலாம்! கையேட்டைப் படிக்கிறவருக்குக் குரல் மட்டும் போதும். கும்பகோணத்தில் உன் ஊஞ்சலில் உட்கார்ந்து வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டே டல்லாஸில் பேத்தி வைத்திருக்கிற குண்டை நீ செயலிழக்கவைக்கலாம். குளிர்காலத்தில் உங்களுக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். உனக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு ஏழரை, வெள்ளிக்கிழமை இரவாகப் பார்த்துக்கொண்டால் பள்ளிக்கூடத் தொல்லையும் இல்லை. வாராவாரம் "சாப்டியா, படிச்சியா" என்று கேட்டு அந்தக் குழந்தைகள் "ம்" கொட்டி வைக்கிற வீடியோ காலைவிட இது எவ்வளவோ தேவலை.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். குண்டு என்பது எல்லா வீட்டிலும் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா வவுனியாவிலிருந்து வந்தவர். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இதைக் கொடுக்கவில்லை, 'வாக்கபௌட் மினி கோல்ஃப்' வாங்கிக்கொடுத்தேன். அதுவும் ஆஸ்டின் சரக்குதான். சின்னச் சின்ன கோல்ஃப் மைதானங்கள், தனி அறை திறந்து கூட்டமாக ஆடலாம். புது மைதானத்தைக் காசு கொடுத்து ஒருத்தர் வாங்கினால் போதும், கூட ஆடுகிறவர்கள் அவரோடு இலவசமாக அங்கே போய்விடலாம். எட்மன்டனில் இருக்கிற என் தங்கையும் நானும் அதில்தான் சந்தித்துக்கொள்கிறோம். பந்தைத் தட்டுவது பேருக்கு, பேச்சு எல்லாம் சம்பந்தி வீட்டுக் கதை.

என் மாமியாருக்கு நான் போட்டுக்காட்டியது 'வாண்டர்'. கூகுளின் தெருப்படங்களுக்கு (ஸ்ட்ரீட் வியூ) நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடும். இந்தியாவில் தெருப்படம் 2022-இல்தான் வந்தது, முதல் பத்து ஊர்களில் சென்னையும் உண்டு. சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து மயிலாப்பூருக்கு அழைத்துப்போனேன். அரை கிலோ கனம் கழுத்தை அழுத்தும் என்பதால் சீக்கிரம் கழற்றிவிட நினைத்தால், விடவேண்டுமே! தெரிந்த வாசல் ஒவ்வொன்றாகப் பார்த்து, "விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, ஒருத்தியும் கோலம் போடலை" என்று திட்டித் தீர்த்தார்.

இனி எப்படி வாங்குவது என்பது. ஸ்டீமாக இருந்தால் உனக்கும் அங்கே ஒரு கணக்கு வேண்டும், பையனை நண்பர் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2017-இலிருந்து கேமை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பிறகு கொடுக்க முடியாது, நேராக அவர் கணக்குக்கே போகும். எந்தத் தேதியில் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் குறிக்கலாம். இரண்டு நாட்டு விலைக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பவே விடாது. பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால், வாங்கிக்கொண்டவர் திருப்பிக் கேட்கலாம், பணம் கொடுத்தவருக்கே வந்துவிடும். அது நாகரிகமான ஏற்பாடு, புடவைக் கடைக்காரர்கள் கற்றுக்கொள்ளலாம். குவெஸ்டாக இருந்தால் நீ இந்தத் தலைவலி எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. மருமகளை அவள் கணக்கிலேயே வாங்கச் சொல்லிப் பணத்தை அனுப்பிவிடு.

இந்த மாதிரிப் பரிசில் பிரித்துப் பார்க்க ஒன்றும் இல்லையே என்று உனக்கு மனசு ஆறாது, தெரியும். அதனால் அந்தக் கையேட்டை உங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரதி பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணிவிடு. இரண்டு பிரதி பொங்கலுக்கு முன்னால் டல்லாஸ் போய்ச் சேர்கிற மாதிரி கூரியரில் போகட்டும், கவின் பெயருக்கே அனுப்பு. ஒன்று உனக்கு. நிலா மாட்டுவதற்கு முன்னால் நீ ஒரு முறை முழுக்கப் படித்துவிடு, ஒயர் பக்கம் மட்டும் மனப்பாடமாக இருந்தால் நல்லது. கடைக்காரர் கலரில் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், அது கறுப்பு வெள்ளையிலேயே தெளிவாக வரும்.

அன்புடன்,
வசந்தா