வேலூரில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புடையீர்,

யாழ்ப்பாணப் பேப்பரில் நன்றி நவிலல் என்று வந்தால், அது செத்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை முடிந்த வீட்டிலிருந்துதான் வரும். பதற வேண்டாம். யாரை முன்னிட்டு இதை எழுதுகிறேனோ அந்த என் மனைவி குசினியில் நின்று, "இன்னும் எழுதி முடியேல்லையோ, புட்டு ஆறுது" என்று சத்தம் போடுகிறா.

விசயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவவுக்கு இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை குறைந்துகொண்டு வந்தது. சந்தியில் பக்கவாட்டில் வரும் மோட்டார் சைக்கிள் தெரியாது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. ஸ்கான் எடுத்த பிறகுதான் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி, அது கண் நரம்புகளை அழுத்துகிறது என்று தெரிந்தது. விசாரித்து, வேலூர் சி.எம்.சி.க்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய இடம் அது. மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் மற்றவர்களுக்கு.

முதலில் லாட்ஜ் அம்மாவுக்கு. இலங்கைப் பாஸ்போட்டைக் கண்டதும் வேறோர் இடத்தில் அறை இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குப் படிவம் பதிய வேண்டும், அந்த வேலை அவர்களுக்கு ஆகாது. பெட்டிகளோடு தெருவில் நின்ற எங்களை உள்ளே கூப்பிட்டு, மகனை எழுப்பிப் படிவத்தைப் பதிய வைத்து, அடுப்பும் சட்டிபானையும் தந்தவர் நீங்கள். வாடகைக்குத்தான். ஆனால் உரலுக்கு வாடகை எடுக்கவில்லை.

அங்கே என் காலைப்பொழுது சந்தையில் தொடங்கும். ஓர் இந்திய ரூபாய்க்கு அப்போது எங்கள் காசு மூன்றரை ரூபாய் போனது. கத்தரிக்காய்க்குக்கூட மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, பாதியைத் திருப்பி வைப்பேன். காய்க்காரப் பெண் ஒருத்தி அதைக் கவனித்து, கறிவேப்பிலையும் மல்லியும் சும்மா போடுவார். பிறகு சமையல், பிறகு ஆஸ்பத்திரி வரிசை, பிறகு பில் கட்டும் வரிசை.

அந்த வரிசைகளில் நான் நிற்கும்போதெல்லாம் இவவோடு இருந்தவர் பக்கத்து அறை அக்கா. புருசனின் வைத்தியத்துக்காக முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு வங்காளம் தெரியாது. கடுகு அரைத்து மீன் சமைத்துக் கொண்டுவருவார். மூக்கில் அடைத்த பஞ்சை எடுத்த பிறகும் இவவுக்கு மணமே பிடிபடவில்லை. அப்படியிருந்தும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டா. அந்த அக்கா முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வழியில்லை.

இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்க மறந்துவிடலாமாம். ஆகவே குடித்த தண்ணீர் எவ்வளவு, போன சலம் (சிறுநீர்) எவ்வளவு என்று மில்லிலீட்டரில் எழுத வேண்டும், இரவும் பகலும். கொப்பியில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. என் சைக்கிள் கடைக் கணக்கை இவ்வளவு ஒழுங்காக நான் ஒருநாளும் எழுதியதில்லை. ஓர் இரவு அசந்து தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் கணக்கு ஒரு வரி தவறாமல் இருந்தது, வங்காள இலக்கத்தில்! அக்காதான் இருந்து எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தாதியிடம் காட்டத் தயங்கினேன். அவர் கண் சிமிட்டாமல் வாசித்துக் கூட்டிச் சொன்னார். அவர் பார்க்கும் நோயாளிகளில் எத்தனை பேர் வங்காளிகள்!

தம்பி ஓட்டோக்காரருக்கும் நன்றி. குலுங்கினால் வலிக்கும் என்று பள்ளம் பார்த்து ஓட்டியதற்கு ஒன்று. இவ நடக்கத் தொடங்கியதும், "உங்க ஊர் ராஜா இங்கதான் இருக்காரு, பாத்துட்டுப் போலாம்" என்று பாலாற்றங்கரைக்குக் கூட்டிப்போனதற்கு இன்னொன்று. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தவர். முத்து மண்டபத்தில் அவர் சமாதி. அவரால் திரும்பிப் போக முடியவில்லை, நீங்கள் போவீர்கள் என்று தம்பி சொன்னது அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஊரில் கடையைத் திறந்து வைத்திருந்த மச்சானுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய சித்திக்கும், முறை வராமலே சீட்டுக் காசை எங்களுக்கு விட்டுத்தந்த ஒழுங்கை ஆட்களுக்கும், கேட்காமலே காசு அனுப்பிய கனடா உறவுகளுக்கும் தனித்தனியாக வீடு தேடி வருவோம். கனடாவுக்குப் போனில்.

இவவுக்குப் பக்கப் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. மணமும் மெல்ல வருகிறது. சுரப்பியின் குறையை ஈடுசெய்ய, காலையில் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஹோர்மோன் குளிசை மட்டும் தவறக் கூடாது.

எங்கள் பக்கத்திலிருந்து யாரேனும் அங்கே போவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். குக்கர், இடியப்ப உரல், புட்டுக்குழல், அளவுச் சாடி எல்லாவற்றையும் லாட்ஜ் அம்மாவிடம்தான் விட்டுவிட்டு வந்தோம். கேட்டால் தருவார். மிளகாய்த்தூள் மட்டும் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரரும் மனைவியும்
சுன்னாகம்