சன்னலுக்கு அடியில் ஒரு காடி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை அச்செடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கட்டடக்கலை படிக்கும் தோழிகள் பெரிய பெரிய வடிவங்களாக வரைகிறார்கள், நான் மட்டும் ஒரு வாரமாக ஒரே சன்னலின் குறுக்குவெட்டோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கட்டடத் தொழில்நுட்பம் எடுத்தது தப்போ என்று ஒரு வரி வேறு. அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

நான் சைட் சூப்பர்வைசராக இருந்தபோது ஒரு வீடு முடித்தோம். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவு அழகு. இரண்டாவது மழைக்காலத்தில் அந்த வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, குழந்தையின் கட்டிலை நகர்த்திக் காட்டினார். சன்னலுக்குக் கீழே சுவர் முழுக்க ஓதம், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பூஞ்சை. தொட்டால் பூச்சு மாவாக உதிர்ந்தது. வெளியே போய், சன்னலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அங்கே நீளவாக்கில் ஒரு சின்னக் காடி, அதாவது கோடு மாதிரி ஒரு பள்ளம், வெட்டியிருந்தால் மழைநீர் அதைத் தாண்ட முடியாமல் சொட்டியிருக்கும். காடி இல்லாததால் கல்லின் அடியோடு ஊர்ந்து சுவருக்குள் போய்விட்டது. வரைபடத்தில் அது இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கட்டில் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நீ போனில் சொன்ன வெப்பப் பாலமும், அதான் வெப்பம் தப்பி வெளியேறுகிற குறுக்குவழி, இதே சங்கதிதானே? சுவரெங்கும் கம்பளிபோல வெப்பக்காப்பு வைத்துவிட்டு, பால்கனித் தளத்தை மட்டும் உள்ளிருந்து வெளியே ஒரே கான்கிரீட்டாக நீட்டிவிடுகிறார்கள். அந்தக் காப்புக்கு வைக்கிற கனிமக் கம்பளியைவிட கான்கிரீட் சுமார் 50 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்காலத்தில் அந்த மூலை சில்லிட்டு, அறைக்காற்றின் ஈரம் அங்கேயே வியர்க்கும், அப்புறம் பூஞ்சை. அழகான வடிவம் அதைத் தடுக்காது. அந்த இணைப்பை வரைகிறவர்தான் தடுக்க முடியும், அதாவது நீ.

1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் முதல் பாசிவ்ஹவுஸ் வீடுகளை, அதாவது சூடாக்க மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் வீடுகளை, கட்டினார்கள். பார்த்தால் சாதாரண வரிசை வீடுகள். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணி வெப்பம் போதும் என்பது பிறகு அந்த முறைக்கே அளவுகோலானது. காற்றுக்கசிவுச் சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு: 50 பாஸ்கல் அழுத்தத்தில், மணிக்கு வீட்டுக் காற்றில் 0.6 பங்குக்கு மேல் கசியக் கூடாது. அந்தக் காற்று எங்கே கசியும்? சன்னல் சட்டமும் சுவரும் சேருமிடத்தில், குழாய் நுழையும் துளையில். எல்லாம் நீ வரைகிற இடங்கள்தான்.

சிமென்ட் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே கரியமில வாயுவை விடுகிறது என்று நீ சொல்லித்தான் தெரியும். எத்தனை ஆயிரம் மூட்டை என் கையால் எண்ணி இறக்கியிருப்பேன்! அதனால்தான் பிரான்சின் போர்தோ நகரில் லகாட்டோன், வாசால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் தங்கள் கூட்டாளிகளோடு செய்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. 530 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடிகள். இடித்துவிட்டுப் புதிதாகச் சிமென்ட் கொட்டிக் கட்டவில்லை. குடியிருந்தவர்களையும் வெளியேற்றாமல், முகப்பில் கண்ணாடித் தாழ்வாரங்களைச் சேர்த்தார்கள். பழையதும் புதியதும் ஒட்டுகிற அந்தக் கோட்டை யாரோ உன்னைப்போல உட்கார்ந்து வரைந்திருப்பார்கள் அல்லவா?

சரி, உன் வரைபடத்துக்கு வருகிறேன். காடி இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றுதான் புரியவில்லை. நீர்த்தடுப்புப் படலத்தை ஒட்டிவிட்டுச் சன்னல் சட்டத்தை வைப்பதா, சட்டத்தை வைத்துவிட்டு ஒட்டுவதா? சாரத்தில் நிற்கிற கொத்தனார் முதலில் அதைத்தான் கேட்பார். ஓரத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுத் திரும்ப அனுப்பும்மா.

அன்புடன்,
அப்பா