திங்கட்கிழமைக்கு முன் ஒரு பதில்

அன்புள்ள அண்ணா,

மாட்டுக்கொட்டிலைப் பிரித்துவிட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்று தொலைபேசியில் மூன்று முறை சொன்னீர்கள். அதை மீறித்தான் பிரித்தேன். இந்த வீட்டில் இருப்பவள் நான். கூரை ஒழுகுவதையும் பாம்பு வருவதையும் பார்ப்பவளும் நான். அந்த இடத்தில் ஓர் அறை கட்டப் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால், தகரத்தை இறக்கிய பையன், கூரை வளைமரத்துக்கும் சுவருக்கும் இடையில் செருகியிருந்த ஒரு கயிற்றை இழுத்தெடுத்து, "அக்கா, இது தேவையோ?" என்று கேட்டான். நீல நைலோன் கயிறு. நீங்கள் நான்காக மடித்துச் சுற்றிவைத்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

இதை வாட்ஸப்பில் எழுதியிருக்கலாம். நீல அடையாளம் விழும், பதில் வராது. நான் இங்கே எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறீர்கள் என்பதை அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டேன். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். நம் ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில பெயர்களை விட்டுவிடுகிறேன், சிலவற்றைப் பட்டும் படாமலும் சொல்கிறேன்.

இன்று ஒக்டோபர் 30, யாழ்ப்பாண இடப்பெயர்வு நாள். நாவற்குழிப் பாலத்தைப் பற்றியும் குடையில் ஏந்திக் குடித்த மழைத்தண்ணீரைப் பற்றியும் ஆண்டுதோறும் பலர் எழுதுகிறார்கள். அவை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வலிகாமத்திலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்த அந்த 1995ஆம் ஆண்டு இரவில், எனக்கென்று மிஞ்சியிருப்பது பாலம் அல்ல. வீட்டை விட்டு இறங்குவதற்கு முந்திய பத்து நிமிடம்.

எல்லாரையும் வெளியேறச் சொன்ன ஒலிபெருக்கி வாகனம் கொக்குவில் சந்திப் பக்கம் போய்விட்டிருந்தது. இராணுவத்தின் சூரியக்கதிர் நடவடிக்கை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஷெல் வெடிக்கும் சத்தத்தை வைத்தே தூரத்தைச் சொல்ல நாங்கள் பழகியிருந்தோம். அன்று அந்தத் தூரம் மிகவும் குறைந்திருந்தது. நீங்கள் சைக்கிளின் பின்புறத்தில் அரிசிச் சாக்கை வைத்துக் கட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "செவலையை அவிழ்த்துவிட்டிட்டு வா" என்றீர்கள். நான் ஜாம் போத்தல் விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அடியில் பஞ்சும் ஒரு விரல் அளவு மண்ணெண்ணெயும் மட்டுமே இருக்கும் அந்த விளக்கைக் காற்றில் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்பது, பொருளாதாரத் தடையின் காலத்தில் இங்கே படித்த எல்லாருக்கும் தெரியும்.

நான் தீனி கொண்டுவந்திருக்கிறேன் என்று செவலை நினைத்தது. என் மணிக்கட்டை நக்கியது. அந்த நாக்கு அரம்போலச் சொரசொரப்பாக இருந்ததை இப்போதும் தோல் மறக்கவில்லை. மழையில் நனைந்து இறுகிய முடிச்சில் என் நகம் நுழையவில்லை. அடுத்த ஷெல் விழுந்தபோது செவலை மிரண்டு பின்வாங்கியது, முடிச்சு இன்னும் இறுகியது, விளக்கு அணைந்தது. பல்லால் ஒரு தடவை கடித்து இழுத்துப் பார்த்தேன். பிறகு ஓடிவந்துவிட்டேன்.

"அவிழ்த்துவிட்டியோ?"

"ஓம்."

எனக்குப் பத்து வயது, அண்ணா. உங்களுக்குப் பதினாறு. நீங்களே ஒரு தரம் போய்ப் பார்த்திருக்கலாம் என்று இத்தனை காலமும் எனக்குள் வாதாடி வந்திருக்கிறேன். அது நியாயமில்லை என்று தெரிந்துகொண்டுதான் வாதாடினேன். இப்போது அந்தக் கயிற்றைக் கையில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது: முடிச்சை அவிழ்க்கவே தேவையில்லை. கயிறு கட்டியிருந்தது தரையில் அடித்த முளையில். ஈர மண்ணில் முளையை நாலு பக்கமும் ஆட்டிப் பிடுங்கியிருந்தால் மாடு கயிற்றோடு போயிருக்கும். அன்று என் கண்ணுக்கு முடிச்சு மட்டும்தான் தெரிந்தது.

செம்மணி வெளியில் நெரிசல் ஓரடிகூட நகராமல் நின்றபோது, நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, நான் செவலையைத்தான் தேடுகிறேன் என்று நினைத்து, உங்கள் நனைந்த சட்டையால் என் தலையைத் துடைத்துவிட்டீர்கள். "மாட்டுக்கு வழி தெரியும். செவலை எங்களுக்குப் பின்னாலை வரும்" என்றீர்கள். அவிழ்த்துவிடப்பட்ட எத்தனையோ மாடுகள் அன்று அந்தச் சனத்தோடு சேர்ந்து நடந்தன. ஒவ்வொரு செவலை நிறத்துக்கும் நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீங்கள் அந்தச் சனத்துக்கு எதிராகத் திரும்பிப் போயிருப்பீர்கள். போனால் வந்திருக்க மாட்டீர்கள் என்று பயந்தேன். இதில் பயம் எவ்வளவு, பொய்யைக் காப்பாற்றும் தந்திரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றும் முடியவில்லை.

அது நம் மாடாக இருந்திருந்தால் இவ்வளவு அறுத்திருக்காது. அப்பாவின் கூட்டாளி, சோனகதெருவில் வளவில்லாத வீட்டில் இருந்தவர், கன்றாக வாங்கி, வளர்த்துப் பலனைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையில் நம்மிடம் விட்டிருந்த மாடு அது. 1990ஆம் ஆண்டில் இதே ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, அவரும் போனார். கன்றைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இருக்கவில்லை. அதன்பின் அப்பா செவலையை ஒருநாளும் நம் மாடு என்று சொன்னதில்லை. கூட்டாளியின் சொல்லிலேயே "அமானிதம்", நம்பி ஒப்படைத்த பொருள், என்பார். நம் இடப்பெயர்வைப் பற்றி எழுதும் பலர் ஐந்து வருடத்துக்கு முந்திய அந்தத் தேதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதற்கு மேல் இங்கே சொல்லவில்லை. சொல்லாததை நீங்கள் அறிவீர்கள்.

அவர் 2010இல் புத்தளத்திலிருந்து வந்தார். அப்பா இல்லை, நீங்களும் இல்லை. அம்மாவுக்கு அப்போதே நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. தேநீரைக் குடித்து முடித்து, கிண்ணத்தைத் தானே கழுவிவைத்துவிட்டு, "அந்தக் கன்று என்ன ஆச்சுது மகள்?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. "அவிழ்த்துவிட்டம்" என்றேன். இரண்டாவது தடவை. "நல்லது செய்தீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் மட்டும் இருந்தேன். அம்மாவின் மருந்துக்கும், காணிக் கந்தோருக்கும், கடைசியில் கொள்ளிக்கு ஆள் தேடவும் நான் மட்டுமே இருந்ததைப்போல. உங்களுக்கு அங்கே என்னென்ன சிரமங்கள் என்று எனக்குத் தெரியும் என்று எழுத வேண்டிய இடம் இது. இன்று எழுத மனம் வரவில்லை.

1996 ஏப்ரலில் நாங்கள் மீசாலையிலிருந்து திரும்பி வந்தபோது, படலை இல்லாத வாசலில் எல்லாரையும் நிறுத்திவிட்டு நீங்கள் முதலில் உள்ளே போனீர்கள். மிதிவெடி இருக்கும், ஒருவரும் வரக்கூடாது என்றீர்கள். நெடுநேரம் கழித்து இந்தக் கயிற்றோடு வெளியே வந்தீர்கள். என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். அப்பாவிடம், "மாட்டைக் காணேல்லை" என்றீர்கள்.

அந்தப் பார்வையை வைத்துத்தான் நான் முப்பது வருடம் ஓட்டினேன். இடியோசை கேட்டால் மேசைக்கடியில் போய் ஒடுங்கும் பழக்கத்தை விட்டேன், படித்தேன், படிப்பிக்கிறேன், இரவில் உறங்குகிறேன். போர் தந்த மற்ற எல்லாவற்றோடும் ஒருவிதமாகச் சமாதானமாகிவிட்டேன். நீங்கள் தெரிந்துகொண்டீர்கள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற நன்றி இந்த ஒன்றைக் கிளறவிடாமல் வைத்திருந்தது.

ஆனால் கயிற்றின் ஒரு முனையில் என் முடிச்சு இருக்கிறது, மறு முனையில் கழுத்துச் சுருக்கு இல்லை. தேய்ந்து அறுந்த பிசிறு கிடையாது. கத்தி வைத்து ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறது. நாங்கள் போனபின் யாரோ வந்து அதை வெட்டிவிட்டிருந்தால், செவலை கட்டிலேயே கிடந்து சாகவில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருந்தும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்றால், நான் உங்களை எப்படி மன்னிப்பது? இல்லை, வெட்டியது நீங்கள்தான் என்றால், அந்த நெடுநேரத்தில் நீங்கள் தனியாக என்ன பார்த்தீர்கள், வெறுங்கையால் என்ன தோண்டினீர்கள் என்பதை, நான் உங்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?

கொட்டில் இருக்கட்டும் என்று மூன்று முறை சொன்னீர்களே, அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

மழை விட்டால் திங்கட்கிழமை காலை மேசன் அத்திவாரம் வெட்ட வருகிறார். அறையைக் கிணற்றடிப் பக்கம் தள்ளிவைக்க இடமிருக்கிறது. செலவு கொஞ்சம் கூடும், அதை நான் பார்த்துக்கொள்வேன். விளக்கம் ஒன்றும் வேண்டாம். வெட்டலாமா, வேண்டாமா என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் சொல்லுங்கள்.

தங்கச்சி