பிள்ளையின் எடையைக் கேட்டால் போதாது, நிறுத்துப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்தால் பந்திங் அருகிலுள்ள ஜுக்ரா குன்று, கோல குபு பாரு போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, துணியாலான வான்குடையில் தொங்கியபடி பறக்கும் பாராகிளைடிங்கில் பைலட்டுடன் பறக்கவிட்டு மகிழும் குடும்பங்கள் தலைநகர் கோலாலம்பூரில் உண்டு. கடந்த விடுமுறையில் என் எட்டு வயது மகளுடன் நானும் குன்றொன்றின் மேல் நின்றேன்.

விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்னும் படிவத்தைக் கார் பானெட்டின் மேல் வைத்துக் கையொப்பமிட்டேன். மகள் எத்தனை கிலோ என்று கேட்டார்கள். இருபது இருக்கும் என்றேன். அத்துடன் விட்டுவிட்டார்கள். சந்தையில் கோழியைக்கூடத் தராசில் வைத்த பிறகுதான் விலை சொல்கிறார்கள். பெரியவர்களுக்கான இருக்கையில் அவளை அமர்த்தி, வார்களை இழுத்த மட்டும் இழுத்தும், தோளுக்கும் வாருக்கும் இடையே என் கை தாராளமாக நுழைந்தது. உதவியாளர் மிச்ச வாரை முடிச்சுப் போட்டு இறுக்கினார். அந்த முடிச்சைக் கண்டதும் மகளை இறக்கிவிட்டேன்.

பறந்து பழகிய என் கொழுந்தனார் பிறகு விளக்கியதை மற்ற பெற்றோரும் அறிவது நல்லது. இந்த வான்குடையைத் தாங்கி நிறுத்தும் சட்டம் கிடையாது. உள்ளே புகும் காற்றும் கீழே தொங்கும் எடையுமே அதை விரித்து நிறுத்துகின்றன. ஆகவே ஒவ்வொரு வான்குடைக்கும் எடையில் மேலெல்லையைப் போலவே கீழெல்லையும் உண்டு. இருவர் பறப்பதற்கான பலவற்றில் அந்தக் கீழெல்லை 100 கிலோவுக்கு மேல். பைலட் 65, பிள்ளை 20, சாமான்கள் 12 என்று கூட்டினால் 97தான் வருகிறது. எடை குறைந்தால் வான்குடை மெதுவாகச் செல்லும். எதிர்க்காற்றில் முன்னேறத் திணறும். கொந்தளிக்கும் காற்றில் அதன் ஓரம் மடங்குவதும் எளிது. இருக்கை பெரிதாக இருந்து, தொடைவார்களும் சரியாகப் பூட்டப்படாவிட்டால், பிள்ளை கீழே நழுவிவிடும் அபாயமும் இருக்கிறது.

சிறுவர்களை அறவே தடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அளவான இருக்கையும் தலைக்கவசமும் சிறிய வான்குடையும் வைத்திருந்து, இடிமழை கருக்கொள்ளும் பிற்பகல்களில் "இன்று வேண்டாம்" என்று சொல்லும் பைலட் இருந்தால் நானே அனுப்புவேன். பிள்ளையின் விருப்பத்தையும் தனியே கேட்க வேண்டும். கைப்பேசியை நீட்டிக்கொண்டு உறவினர் எல்லாரும் நிற்கையில் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்?

இன்னொன்றையும் ஏற்பாட்டாளர்கள் மாற்ற வேண்டும். எடை போதாமலோ காற்று சரியில்லாமலோ, பிள்ளை பயந்தோ பறக்காமல் போனால், முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். கட்டிய பணம் போய்விடுமே என்ற எண்ணத்தில், அழும் மகனைச் சமாதானப்படுத்தி இருக்கையில் ஏற்றிய தந்தை ஒருவரையும் அன்று அங்கே பார்த்தேன். என் முன்பணம் இன்னும் வந்தபாடில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.