புது வீடு பழகிப்போனது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரில் வீடு வாங்கிக் குடிபோன அன்று உன் குரலில் இருந்த துள்ளல் நேற்றுப் பேசியபோது இல்லை. "ரெண்டு மாசத்துலயே பழகிப்போச்சு ஆத்தா, எனக்கு ஏதும் கோளாறா?" என்று கேட்டாய். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோளாறெல்லாம் இல்லை. 1978-இல் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரின் குழு, அமெரிக்காவில் லாட்டரியில் பெரும்பணம் விழுந்த 22 பேரை விசாரித்தது. பரிசு விழாதவர்களைவிட அவர்கள் அப்படியொன்றும் கூடுதல் சந்தோஷத்தில் இல்லை. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு மாதிரி சின்ன விஷயங்கள்கூட அவர்களுக்குக் குறைவாகத்தான் ருசித்தன. வெறும் 22 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாதுதான். 2020-இல் வந்த ஸ்வீடன் ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது: பெரிய பரிசு விழுந்தவர்களுக்கு வாழ்க்கை மீதான திருப்தி பல வருஷம் கழித்தும் கூடித்தான் இருந்தது, ஆனால் அன்றாட மகிழ்ச்சி அந்த அளவுக்குக் கூடவில்லை.

எனக்கு இது பிடித்திருந்தது. வீடு வாங்கியது வீண் என்று உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை பார். திருப்தி உனக்கு இருக்கிறது. தினசரி சந்தோஷத்தையும் அந்தச் சுவரே தர வேண்டும் என்று நீதான் எதிர்பார்க்கிறாய்.

நான் இருக்கும் இந்த வீடு, உன் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்துக் கட்டியது. அவர் பர்மாத் தேக்குத் தூணை அண்ணாந்து பார்த்து நான் கண்டதே இல்லை. சாயங்காலமானால் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, சீட்டாட யார் வருகிறார்கள் என்று தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் வராத நாளில் என்மேல் எரிந்து விழுவார், அது வேறு கதை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கி, மனிதர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதை, 50 வயதில் பார்த்த கொலஸ்ட்ரால் அளவைவிட, அப்போது அவருக்கு உறவுகளில் இருந்த திருப்தி நன்றாகக் காட்டிக்கொடுத்ததாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியப்பச்சி, அதான் பெரியப்பா, மகனும் அந்த ஊரில்தான் இருக்கிறான். பங்குத் தகராறில் நீங்கள் பேசி மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளையார் நோன்பு வருகிறது. நூல் திரியை மாவில் வைத்து ஏற்றி விழுங்குவோமே, அந்த இழையை இந்தத் தடவை உன் புது வீட்டில் எடுத்துக்கொள்ளேன், அவனையும் கூப்பிடு. அழைக்கச் சங்கடமாக இருந்தால் ஆத்தா சொன்னதாகச் சொல்.

இழை மாவு இங்கிருந்தே கொடுத்துவிடுகிறேன். ஒரு வீட்டுக்கு இடிக்கவா, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இடிக்கவா என்று மட்டும் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
ஆத்தா
காரைக்குடி