கடைசி வாரம் கழுவிக்கலாம்னு கிளீன்ரூம் கட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்து கம்பெனி, சிப் ஃபேக்டரி பத்தியெல்லாம் இப்ப பத்திரிகைகள்ல நிறைய செய்தி வருது, சந்தோஷம். ஆனா கிளீன்ரூம், அதாவது காத்துல இருக்கிற தூசியை ஒரு அளவுக்குள்ள வச்சு மருந்தும் சிப்பும் தயாரிக்கிற ரூம்னு வந்தாலே தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை டிரஸ் போட்ட ஒருத்தர் போட்டோவும், தூசியே இல்லாத அறைன்னு ஒரு வரியும் போட்டு முடிச்சிடறாங்க. அந்த ரூமை எப்படி கட்டுறாங்க, கட்டும்போது உள்ள என்ன போகுது, அது பின்னாடி எங்கேர்ந்து வெளிய வருதுன்னு யாரும் எழுதுறதில்ல. நான் இந்த கட்டுமான வேலையில இருக்கிறவன், ஏர் ஹேண்ட்லிங், டக்ட் (ரூமுக்கு காத்து போற தகரக் குழாய்) பக்கம். கட்டும்போது உள்ள அடைபட்ட அழுக்கை கடைசி கிளீனிங்ல எடுக்கவே முடியாது, இதை சொல்லத்தான் இந்த கடிதம்.

தூசியே இல்லாத ரூம்னு ஒண்ணு கிடையாது, எவ்வளவு இருக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கு, அவ்வளவுதான். கிளீன்ரூமுக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு ஐ.எஸ்.ஓ. 14644ல ஐ.எஸ்.ஓ. 5 கிளாஸ்னா ஒரு கன மீட்டர் காத்துல அரை மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதுக்கு மேல சைஸ் உள்ள துகள் 3,520 வரைக்கும் இருக்கலாம், ஐ.எஸ்.ஓ. 8னா 35,20,000 வரைக்கும். நம்ம கண்ணுக்கு சாதாரணமா ஐம்பது மைக்ரானுக்கு கீழ ஒண்ணும் தெரியாது, அதனால சைட்ல நின்னுக்கிட்டு சுத்தி பாத்துட்டு "எல்லாம் க்ளீனா தான் சார் இருக்கு"ன்னு சொல்றதுக்கு இங்க மதிப்பே இல்ல. இன்னொண்ணு, அரை மைக்ரான் துகள் அசையாத காத்துல ஒரு மீட்டர் கீழ இறங்கவே ஒரு நாளுக்கு மேல ஆகும். துடைப்பத்தால பெருக்கினா பெரிய குப்பை மட்டும் ஓரமா போகும், நுண்ணு தூசி பூரா எழும்பி எல்லா பக்கமும் பரவிடும். அதனாலதான் பேனல் (ரூமுக்கு சுவரா நிக்கிற ரெடிமேட் பலகை) நிறுத்த ஆரம்பிச்சதுமே சைட்ல துடைப்பத்தை தடை பண்ணிட்டு ஹெப்பா ஃபில்டர் (நுண்ணு தூசியையும் பிடிக்கிற ஃபில்டர்) வச்ச வாக்யூமும் ஈரத்துணியும் மட்டும்தான்னு வைக்கணும்ங்கிறது. சாதாரண வாக்யூமும் ஆகாது, முன்னாடி உறிஞ்சுறதை பின்னாடி ஊதி விட்டுடும்.

டக்ட் விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்றேன், என் வேலை அது, அதிக தப்பு நடக்கறதும் அங்கதான். டக்ட் செய்யற ஜி.ஐ. ஷீட்ல (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) மெல்லிசா ஆயில் இருக்கும், ஃபேப்ரிகேஷன் முடிஞ்சதும் அதை டிடர்ஜென்ட் போட்டு கழுவி, காயவச்சு, ஐ.பி.ஏ.ங்கிற ஆல்கஹால்ல துடைச்சு, ரெண்டு வாயையும் பாலிதீன் ஷீட் போட்டு டேப் சுத்தி சைட்டுக்கு அனுப்பணும். அங்க வந்ததுக்கு அப்புறமும் மண்ணு தரையில போடாம ஸ்டாண்ட் மேல அடுக்கணும், மாட்டும்போது அந்த ஒரு ஜாயின்ட்டுக்கு வேண்டிய சீலை மட்டும் பிரிக்கணும், சாயங்காலம் வேலை முடியறப்ப திறந்த முனையை மறுபடி மூடிட்டுதான் கீழ இறங்கணும். சொல்றதுக்கு சுலபமா இருக்கு, ஆனா நிறைய இடத்துல பாலிதீன் பாதி கிழிஞ்சு தொங்கிட்டு இருக்கும், பக்கத்துலயே ஒருத்தர் ஜிப்சம் சீலிங்கை தேய்ச்சிட்டு இருப்பாரு. அந்த டக்டுக்குள்ள கையை விட்டு ஒரு கருப்பு துணியால ஒரு இழுப்பு இழுத்து பாருங்க, மாவு தடவின மாதிரி வெள்ளையா வரும். வெள்ளை துணியில இழுத்தா அது தெரியவே தெரியாது, வெள்ளை துணி இரும்புத் தூளையும் எண்ணெய் கறையையும் காட்டும், ஜிப்சத்தை காட்டாது. ரெண்டு துணியும் பாக்கெட்ல இல்லாம டக்ட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு போகக்கூடாதுன்னு நான் கூட வேலை பாக்குற பசங்க கிட்ட அடிக்கடி சொல்லுவேன்.

இதை விட மோசமான ஒரு பழக்கம் இருக்கு. உள்ள புழுக்கமா இருக்குன்னோ பெயின்ட் வாடை போகட்டும்னோ கட்டுமானம் நடக்கும்போதே ஏ.எச்.யூ.வை, அதாவது காத்தை வடிகட்டி டக்டுக்குள்ள அனுப்புற ஏர் ஹேண்ட்லிங் மெஷினை ஓட்டி விடறது. ரூம் காத்து மெஷினுக்கு திரும்பி போற ரிட்டர்ன் கிரில் வழியா சைட்டோட மொத்த தூசியும் உள்ள போய் காத்தை குளிர வைக்கிற காயில்ல ஒட்டும், டக்ட் முழுக்க படியும், ஹெப்பாவை ஏற்கனவே மாட்டியிருந்தா அது வேலையே ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாதி அடைச்சுக்கும். காத்து வேணும்னா தனியா டெம்ப்ரரி ஃபேன் வைங்க, அதுக்கு ஒரு ப்ரீ ஃபில்டர் போடுங்க, ஃபைனல் சிஸ்டத்தை மட்டும் தொடாதீங்க. ஓட்டித்தான் ஆகணும்னா ரிட்டர்ன் வாய்ல ஃபில்டர் மீடியா கட்டிட்டு ஓட்டுங்க.

ஹெப்பா ஃபில்டர் கடைசியா தான் மாட்டணும். எச்14 கிரேடுன்னா அது நழுவ விடறதுக்கு வாய்ப்பு அதிகமான சைஸ் துகள்லயே 99.995 சதவீதத்தை பிடிக்கும், அப்படிப்பட்ட பொருளை சிமெண்ட் மூட்டை பக்கத்துல சாச்சு வச்சிருக்கிறதை பாத்தா வயிறு எரியுது. ரூம் துடைச்சு, டக்டை பல மணி நேரம் ஊதி விட்டு, திரும்ப துடைச்சு, அதுக்கு அப்புறம்தான் பெட்டியை பிரிக்கணும். அட்டைப்பெட்டியை வெளியவே பிரிச்சிடணும், அட்டையும் மரப் பேலட்டும் நார் உதிர்க்கும், பூஞ்சையும் சேர்ந்து வரும். மீடியா மேல விரல் படக்கூடாது, மாட்டின பிறகு ஏரோசால் (நுண்ணிய துளிப் புகை) விட்டு முழுசா ஸ்கேன் பண்ணி லீக் பாக்கணும்.

அடுத்தது சுவத்துக்குள்ள இருக்கிற ரிட்டர்ன் ரைசர். ரூம்லேர்ந்து காத்து கீழ் மட்ட கிரில் வழியா போய் பேனலுக்கு நடுவுல இருக்கிற அந்த பொந்து வழியாத்தான் மேல ஏறும். அதை மூடறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பாக்கறவங்க ரொம்ப கம்மி, மூடினதுக்கு அப்புறம் கையே நுழையாது. திறந்து பாத்தா பேனல் வெட்டின துண்டு, பாப் ரிவெட் ஆணி, சிலிக்கான் ட்யூபோட மூக்கு, எல்லாம் கெடக்கும். எலக்ட்ரிகல் ஆள் வந்து கடைசி நேரத்துல ஒரு ஸ்விட்ச் பாக்ஸுக்காக பேனல்ல ஓட்டை போடுவாரு, டிரில் நுனியிலேர்ந்து சுருள் சுருளா இரும்பு சீவல் விழும், பாதி வெளிய, பாதி பேனலுக்குள்ள. அது ஈரம் பட்டு துருப்பிடிக்கும், பக்கத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருந்தா அது மேலயும் துருக் கறை ஏறும். ஒருத்தர் ஓட்டை போடும்போது இன்னொருத்தர் வாக்யூம் குழாயை டிரில் நுனிக்கு பக்கத்துலயே பிடிச்சிட்டு நிக்கணும், முடிஞ்சதும் வெட்டின ஓரத்தை துடைச்சு சீல் பண்ணிடணும். ரெண்டு ஆள் எதுக்குன்னு கேப்பாங்க, அந்த ரெண்டாவது ஆளோட கூலியை மிச்சம் பிடிச்சா பின்னாடி புரொடக்‌ஷனை நிறுத்திட்டு பேனலை பிரிக்க வேண்டி வரும்.

தண்ணியை பத்தியும் சொல்லணும். கூரை மூடறதுக்கு முன்னாடியே ஜிப்சம் போர்டை மாட்டி அது நனைஞ்சா ஒண்ணு ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும். மேல காயவச்சு பெயின்ட் அடிச்சா தெரியாது, பின்பக்கம் வளந்துக்கிட்டே இருக்கும். நனைஞ்ச போர்டை கழட்டி தூக்கி போடறது ஒண்ணுதான் வழி. பேசில்லஸ் மாதிரி பாக்டீரியா வித்துக்களை ஆல்கஹால் கொல்லாது, பூஞ்சை வித்துக்களுக்கும் அதை நம்ப முடியாது, எழுபது பர்சென்ட் ஐ.பி.ஏ.ல எத்தனை தடவை துடைச்சாலும் சரி, அதுக்குன்னு இருக்கிற பெராக்ஸைடு வகை மருந்துதான் வேணும், அதுவும் பேனலுக்கு பின்னாடி போகாது. ஆஸ்பத்திரிகள்ல கட்டட வேலை நடக்கும்போது கிளம்பின ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை எதிர்ப்பு சக்தி இல்லாத நோயாளிகளுக்கு தொத்தின சம்பவங்கள் மருத்துவ ஏடுகள்ல பதிவாகி இருக்கு, மருந்து தயாரிக்கிற ரூமுக்கும் அதே பூஞ்சைதான் எதிரி.

இப்ப ஆளுங்க விஷயம், இதை எழுதும்போதே எனக்கு கோவம் வருது. சைட்ல எல்லாத்துக்கும் லேபரை தான் குறை சொல்லுவாங்க, செருப்போட வந்தான், உள்ள சாப்பிட்டான், எச்சில் துப்பினான்னு. அவங்களுக்கு சாப்பிட ஒரு இடம் போட்டு கொடுத்தீங்களா, கை கழுவ தண்ணி, டாய்லெட், உள்ள மட்டும் போடுறதுக்கு தனி ஷூ, டிரஸ் மாத்த ஒரு ரூம் கொடுத்தீங்களா? வாசல்ல ஸ்டிக்கி மேட் போட்டுட்டு அழுக்கான ஷீட்டை உரிக்க ஆள் வைக்காம விட்டா அந்த மேட்டும் ஒரு மிதியடி, அவ்வளவுதான். எதுக்காக இதெல்லாம்னு அவங்க பேசுற பாஷையில உக்கார வச்சு சொன்னா எந்த ஹெல்பரும் கேக்காம இருக்க மாட்டாரு, என் அனுபவத்துல டக்ட் சீல் கிழிஞ்சிருக்குன்னு முதல்ல வந்து சொல்றது அவங்கதான். ஆனா சொன்னதுக்கு அப்புறம் வேலையை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்ல, கிளீனிங் சூப்பர்வைசருக்கு கூட இல்ல. சேஃப்டி ஆபீசர் வேலையை நிறுத்தலாம், சுத்தத்தை பாக்கிறவர் நிறுத்த முடியாதுன்னா அந்த பதவி எதுக்கு?

பிரச்சினையோட வேர் டெண்டர்ல இருக்கு. கிளீனிங்னு ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில, மொத்தமா ஒரு தொகை. சிவில் லேட், பேனல் லேட், டக்ட் லேட், எல்லா லேட்டும் சேர்ந்து கடைசியில கிளீனிங்குக்கு ஒதுக்கின நாளை தின்னுடும், ஹேண்டோவர் தேதி மட்டும் நகராது. அதுக்கு பதிலா கட்டம் கட்டமா வைக்கணும்: உடைக்கிற, தேய்க்கிற, வெல்டிங் வேலையெல்லாம் முடிஞ்சதும் ஒரு கிளீனிங், பேனல் நின்னதும் ஒண்ணு, சீலிங் மூடறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஹெப்பாவுக்கு முன்னாடி ஒண்ணு, அதுக்கு அப்புறம் ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் தனி பணம், தனி கையெழுத்து, கையெழுத்து இல்லாம அடுத்த டீம் உள்ள கால் வைக்கக்கூடாது. ஐ.எஸ்.ஓ. 14644 நாலாவது பகுதி டிசைன், கட்டுமானம், ஸ்டார்ட் அப் பத்தினதுதான், 2022ல திருத்தி வெளியிட்டாங்க. அதே 2022ல வந்த ஐரோப்பிய மருந்து உற்பத்தி விதிகளான ஜி.எம்.பி.யோட அனெக்ஸ் 1, ஸ்டெரைல் (கிருமி இல்லாத) மருந்து தயாரிக்கிறவங்க மாசு கட்டுப்பாட்டுக்கு முழுசா ஒரு திட்டம் வச்சிருக்கணும்னு சொல்லுது. அந்த திட்டத்தை புரொடக்‌ஷன் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எழுதறதா நினைக்கிறாங்க, முதல் தூண் நிக்கறதுக்கு முன்னாடியே எழுதணும்.

டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சேன்னு கேக்கலாம். ஆள் இல்லாத ரூம்ல விடிய விடிய காத்தை ஓட்டிட்டு பார்ட்டிக்கிள் கவுண்டர் வச்சா அழுக்கு ரூம் கூட பாஸ் ஆகலாம், ஏன்னா அந்த மெஷின் மிதக்கிற துகளை மட்டும்தான் எண்ணும், சீலிங் மேலயும் கேபிள் ட்ரேயிலயும் படிஞ்சு கெடக்கிறதை எண்ணாது. ஆள் நடமாட்டம், கதவு அடிக்கிற அதிர்வு, மெயின்டனன்ஸுக்கு சீலிங் பேனலை தூக்கினதுன்னு பின்னாடி ஒவ்வொண்ணா கிளப்பி விடும்.

அதனால ஃபேக்டரி கட்டுறவங்க கிட்ட என் கோரிக்கை இதுதான். காண்ட்ராக்டர் கிட்ட ரூம் ரிப்போர்ட் மட்டும் வாங்காதீங்க. ஒவ்வொரு ரைசரும் மூடறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, டக்ட் துடைச்ச துணியோட ரெக்கார்டு, எந்த போர்டு நனைஞ்சு எப்ப மாத்தினாங்கங்கிற லாக், இதையும் தேதியோட கேட்டு வாங்குங்க. டெண்டர் போடும்போதே கேப்போம்னு எழுதிடுங்க, அப்பதான் சைட்ல யாராவது அந்த போட்டோவை எடுப்பாங்க. அடுத்த தடவை இப்படி ஒரு ஃபேக்டரி பத்தி எழுதறப்ப உங்க நிருபரும் திறப்பு விழாவுக்கு மட்டும் போகாம, சீலிங் திறந்து கெடக்கிற சமயத்துல ஒரு தடவை உள்ள போய் பாத்துட்டு எழுதினா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
கிளீன்ரூம் கட்டுமான வேலையில இருக்கும் ஒரு வாசகர்