ஓர் ஆற்றின் மீனை மற்றோர் ஆற்றில் விடுமுன்

உள்நாட்டு மீன்வளத் துறை அலுவலர்களுக்கும் மீன்குஞ்சுப் பண்ணைகளை நடத்துவோருக்கும் வணக்கம்.

அணைகளிலும் ஆறுகளிலும் மீன்குஞ்சுகளை விடும்போது இனம், எண்ணிக்கை, விரலிகளின் (விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகளின்) அளவு, பருவம் ஆகியவற்றை நீங்கள் கவனமாகப் பார்க்கிறீர்கள். அவற்றின் தாய்மீன்கள் எந்த நீர்நிலையிலிருந்து வந்தவை, அங்கே எந்த ஒட்டுண்ணிகளுக்கு ஈடுகொடுத்து அந்தப் பரம்பரை உருவானது என்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். மீன் பேனையும் நங்கூரப் புழுவையும் மருந்திட்டு நீக்க வேண்டிய தொல்லைகளாக மட்டுமே கருதிப் பழகிவிட்டோம். ஒரு மீனினம் காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதிலும் ஒட்டுண்ணிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட சான்று கனடாவின் வான்கூவர் தீவில் இருக்கிறது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, கடலில் வாழ்ந்துவந்த மூன்றுமுள் ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீன், அங்கே புதிதாக உருவான ஏரிகளில் குடியேறியது. கடலில் அது அரிதாகவே எதிர்கொண்டிருந்த ஸ்கிஸ்டோசெஃபாலஸ் சாலிடஸ் என்னும் நாடாப்புழு ஏரிகளில் அதன் நிரந்தரப் பகையாயிற்று. இப்புழு முதலில் கோப்பெபாட் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரிக்குள் புகுகிறது. அதைத் தின்னும் ஸ்டிக்கிள்பேக்கின் வயிற்றுக்குழியில் வளர்கிறது. அந்த மீனை விழுங்கும் பறவையின் குடலில் முட்டையிடுகிறது. மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்கைப் புழுவே எட்டிவிடுவதும் உண்டு. அத்தகைய மீன் இனப்பெருக்கத் திறனை இழப்பதோடு, பறவையைக் கண்டும் விலகாமல் நீர்ப்பரப்பை ஒட்டியே திரிகிறது.

இவ்வளவு கொடிய ஒட்டுண்ணிக்கு எல்லா ஏரிகளின் மீன்களும் ஒரே விதமாக ஈடுகொடுக்கவில்லை. ராபர்ட்ஸ் ஏரியின் மீன்கள் வயிற்றுக்குழிக்குள் தழும்பு போன்ற நார்த்திசுவை வளர்த்துப் புழுவை வளரவிடாமல் நெருக்குகின்றன. அதே தீவிலுள்ள காஸ்லிங் ஏரியின் மீன்களிடம் இந்த நார்த்திசு அரிதாகவே உருவாகிறது. அங்கே புழு பெரிதாக வளர, மீன் அதைச் சுமந்தபடியே வாழ்கிறது. நார்த்திசு உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து மீனின் இனப்பெருக்கத்தைக் குறைப்பதால், எதிர்த்து நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைச் சில ஏரிகளின் மீன்கள் தொடர்ந்து கொடுக்கின்றன. வேறு சில, ஒரு காலத்தில் பெற்ற எதிர்ப்பைக் கைவிட்டுப் பொறுத்துக்கொள்ளும் வழிக்கு மாறியிருக்கின்றன. உயிரியலாளர் டேனியல் போல்னிக்கும் அவருடைய குழுவினரும் 2017-இலும் 2022-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த வேறுபாடு மரபுவழிப்பட்டது என்று காட்டுகின்றன. ஒரே இனம், ஒரே தீவு, ஒரே புழு. ஆயினும் ஏரிக்கு ஏரி உடலின் மறுமொழி வேறு. இனப்பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஓரிடத்து மீன் மற்றோரிடத்து மீனுக்கு ஈடாகிவிடும் என்று நாம் எப்படிக் கொள்ள முடியும்?

இந்த வரலாற்றைப் பொருட்படுத்தாததன் விளைவை நார்வே அனுபவித்தது. சுவீடனின் பண்ணைகளிலிருந்து வந்த சால்மன் மீன்களோடு 1970-களில் கைரோடாக்டைலஸ் சாலாரிஸ் என்னும், அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள ஒட்டுண்ணி அந்நாட்டுக்குள் நுழைந்தது. பால்டிக் கடலில் கலக்கும் நேவா போன்ற ஆறுகளின் சால்மன்கள் நெடுங்காலம் அதனோடு வாழ்ந்து எதிர்ப்பைப் பெற்றிருந்தன. அதை ஒருபோதும் அறியாத நார்வே ஆறுகளின் சால்மன்களுக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. குட்டியீனும் இந்த ஒட்டுண்ணி, பிறக்கும்போதே தன்னுள் அடுத்த கருவைத் தாங்கியிருப்பதால், ஓரிரு வாரங்களில் மீனின் தோல் முழுவதும் பெருகிவிடுகிறது. ஏறத்தாழ 50 ஆறுகள் தாக்கப்பட்டு, இளம் சால்மன்களில் பெரும்பகுதி அழிந்தது. அதை ஒழிக்க ரோட்டினோன் என்னும் நஞ்சை ஆறுகளில் கலந்து, அங்கிருந்த எல்லா மீன்களையும் கொன்று, மரபணு வங்கியில் காத்துவைத்திருந்த பரம்பரைகளைக் கொண்டு மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. நல்ல நோக்கத்தோடு விடப்பட்ட குஞ்சுகள் இவ்வளவு பெரிய இழப்பைக் கொண்டுவந்தன என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றை நாம் காவிரிக்கும் பிற ஆறுகளுக்கும் கொண்டுவந்து நெடுங்காலமாயிற்று. அதை இனித் திருப்ப இயலாது. ஆனால் காவிரிக்கே உரிய, கெண்டை வகையைச் சேர்ந்த பெரிய மீனான திமில் மஹ்சீர், வளர்ப்புக் குஞ்சுகளாக அங்கு விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகிய காலத்திலேயே அருகி, 2018-இல் மிகவும் அழிவுறு நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டதை மனத்தில் கொண்டு, எஞ்சியிருக்கும் நாட்டு இனங்களிடமாவது நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆகவே, நாட்டு மீன்களைப் பெருக்கி ஆற்றில் விடும் திட்டம் எதுவாயினும், தாய்மீன்களை அதே ஆற்றுப் படுகையிலிருந்தே, போதிய எண்ணிக்கையில் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து தாய்மீன்களின் வாரிசுகளை மட்டும் ஆயிரக்கணக்கில் விட்டால், ஒட்டுண்ணிகளை எதிர்க்கும் மரபணுக்களின் பன்மை சுருங்கிவிடும். வெளியிலிருந்து வரும் குஞ்சுகளைத் தனித் தொட்டியில் வைத்து, செவுளையும் தோலையும் நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே விடுவதைக் கட்டாயமாக்குங்கள். மீன் கொண்டுவரப்பட்ட நீரையும் ஆற்றில் ஊற்ற வேண்டாம். ஒவ்வொரு முறையும் குஞ்சுகள் எங்கிருந்து வந்தன, அவற்றில் எந்த ஒட்டுண்ணிகள் காணப்பட்டன என்பதைப் பதிவுசெய்து, பொதுமக்களும் ஆய்வாளர்களும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அடுத்த மழைக்காலத்தில் குஞ்சுகள் விடப்படுவதற்கு முன்பே இந்தப் பதிவேட்டையாவது தொடங்கிவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நன்னீர் மீன்களின் நலம் நாடும் ஒருவர்